தென்னம்பூக்குலை

பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஃபோக்கஸ் சரியில்லை என்று விற்றவரோடு சண்டை போட்டு, கொடுத்த பணத்தில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கியவன் நான். பிறகு அந்தப் பணத்தை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கட்டினேன். நடுவில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையில் பெரிய கேமராவோடு ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மாமாக்கள், சித்தப்பாக்கள் யாராவது இருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மார்த்தாண்டம் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம். கல்யாணப் பத்திரிகை இரண்டு மொழியில் அடிப்போம். பந்தியில் போளியும் பால்பாயசமும் கட்டாயம் உண்டு. மணமேடையில் நிலவிளக்கு, அதன் பக்கத்தில் நிறைபறை. தஞ்சாவூர், கோயம்புத்தூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பறை நிறைய நெல்லைக் கொட்டி, அதன் நடுவில் விரிந்த தென்னம்பூக்குலை ஒன்றைக் குத்தி வைப்பார்கள். தந்தநிறத்தில் கொத்துக் கொத்தாக, பார்க்க அம்சமாக இருக்கும். இந்தப் பூக்குலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வில்லன் அதுதான் என்று நான் மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது வில்லன் இல்லை :-)

2017 ஆவணியில் அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வருடம் முன்னால் மஸ்கட்டில் ஒரு மலையாளிப் புகைப்படக்காரர் வேலை போய் ஊருக்குத் திரும்பும்போது தன் கேமராவை என்னிடம் விற்றிருந்தார். தொழில்முறை பாடி, ஃபுல் ஃப்ரேம் சென்சார், கூட ஒரு 85 மி.மீ. லென்ஸ். 350 ரியால். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலைகளில் மத்ரா கடற்கரையில் நடந்தபோது எனக்குள் இருந்த பி.காம். பட்டதாரி செத்து ஒரு கலைஞன் பிறந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அக்கா போனில் கேட்டாள், "நெய்யாற்றின்கரையில ஒரு ஸ்டூடியோக்காரர் இருக்காரு, சொல்லட்டுமாடே?"

"எதுக்குக்கா வீண் செலவு? நான் வாறேன்லா."

தாய்மாமன் சொல்லிவிட்டேன், அப்புறம் மறுபேச்சு ஏது? அத்தான் மட்டும் சத்தமில்லாமல் வீடியோவுக்கு ஒருவரைச் சொல்லி வைத்திருந்தார். அத்தான் அதிகம் பேசாதவர். அதனாலேயே இந்தக் குடும்பத்தில் சில காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன.

முகூர்த்த நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது, பெண்கள் குரவையிடுகிறார்கள், மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். நான் மேடைக்கு நேர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். கேமரா இயந்திரத் துப்பாக்கி மாதிரி சடசடவென்று ஓடியது. ஏழெட்டு நொடியில் 47 படம். பின்பக்கத் திரையில் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. மூன்று அங்குலத் திரையில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ராத்திரி, விருந்தினர் எல்லாம் போன பிறகு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக் குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. அம்மை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் படத்தைப் பெரிதாக்கினேன். தென்னம்பூக்குலையின் ஒவ்வொரு மணியும் எண்ணிவிடலாம் போலத் துல்லியமாக இருந்தது. அதற்குப் பின்னால், புகைக்குள் நிற்பதுபோல இரண்டு உருவங்கள். அடுத்த படம், அதற்கடுத்த படம்... 47 படத்திலும் பூக்குலை.

"பெண்ணு எங்கடே?" என்றாள் அக்கா.

எனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை, "மெஷின் சரியில்லக்கா." அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, "போட்டு, மெஷின் தானே, உன்னால என்ன செய்ய முடியும்" என்று எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரத்தை வேகமாக வைக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் வீடியோக்காரரின் படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். புள்ளி புள்ளியாக, கொஞ்சம் மங்கலாக. ஆனால் அதில் பெண்ணின் முகம் இருந்தது.

மஸ்கட் திரும்பியதும், தவறு செய்தவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தேன், அதாவது ஆதாரம் தேடினேன். கேமரா ஃபோக்கஸ் கோளாறு பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது கேனன் இஓஎஸ்-1டி மார்க் 3 கதை. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை அது.

2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கேமரா. நொடிக்கு 10 படம், 45 ஃபோக்கஸ் புள்ளிகள், விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கென்றே செய்தது. அந்த வருட நடுவில் கனடாவைச் சேர்ந்த ராப் கால்பிரெய்த் என்ற புகைப்படக்காரர் அதை மைதானங்களில் சோதித்து, ஓடி வரும் ஆட்டக்காரரைத் தொடர்ந்து பிடிக்க அது தடுமாறுகிறது, அதுவும் நல்ல வெயிலிலும் சூட்டிலும் அதிகம் தடுமாறுகிறது என்று பக்கம் பக்கமாகப் படங்களோடு எழுதினார். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். உனக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை என்று இன்னொரு கூட்டம் எதிர்வாதம் செய்தது. கடைசியில் அந்த வருட இறுதியில் கேனனே, உள்ளே இருக்கும் துணைக் கண்ணாடியின் அமைப்பில் திருத்தம் வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, விற்ற கேமராக்களைத் திருப்பி வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யப்பட்டவை கடைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு நீலப் புள்ளி இருக்கும். 2009இல் வந்த மார்க் 4இல் ஃபோக்கஸ் அமைப்பையே மாற்றினார்கள். 2012இல் நிக்கான் டி800 வந்தபோதும் சில கேமராக்களில் இடது ஓரப் புள்ளிகள் மட்டும் தப்பாகக் காட்டுகின்றன என்று புகார் கிளம்பியது.

படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இயந்திரம் தவறு செய்யும், பெரிய பெரிய கம்பெனிகளின் இயந்திரமே செய்யும். என்னுடையது அந்த இரண்டு மாடலும் இல்லை என்பதை மனம் வசதியாக மறந்துவிட்டது. உடனே ஊரில் இருந்த அந்த மலையாளி நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். 'பழுதான சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள்' என்ற ரீதியில். வங்கியில் வாராக்கடன்காரர்களுக்குக் கடிதம் எழுதி எழுதி அந்த நடை எனக்குக் கைவந்த கலை. அவர் ஒன்றும் வாதாடவில்லை. "என் கையில் இருந்தவரை சரியாகத்தான் இருந்தது சார்" என்று ஒரு வரி. பத்து நாள் கழித்து 100 ரியாலுக்குரிய பணம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வேலை கிடைத்திருந்ததா இல்லையா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பணத்தில் கேமராவைச் சரிபார்க்கலாம் என்று ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகச் சொன்னான்: கல்யாணப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ட்ரைபாடில் வைத்து, அசையாத பொருளை எடுத்துக் கொண்டு வாருங்கள்.

இங்கேதான் என் தொழில் எனக்கு உதவிக்கு வந்தது. மிரர் உள்ள கேமராவில் ஃபோக்கஸ் எப்படி நடக்கிறது என்று படித்தபோது, அட, இது நம்ம கேஷ் புக், பாஸ் புக் சமாச்சாரம் அல்லவா என்று பட்டது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் முதலில் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போய் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தைப் பின்னால் கசியவிடும். அதைப் பின்னால் இருக்கும் சின்னத் துணைக் கண்ணாடி கீழே திருப்பி, அடித்தளத்தில் இருக்கும் ஃபோக்கஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. அது வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போடும். ஆனால் படம் பதிவது அங்கே இல்லை. கண்ணாடிகள் எல்லாம் எழும்பி விலகிய பிறகு பின்னால் இருக்கும் பெரிய சென்சாரில் பதிகிறது. ஆக இரண்டு புத்தகம். கணக்குப் போடுவது ஒன்றில், பணம் விழுவது இன்னொன்றில். இரண்டுக்கும் லென்ஸிலிருந்து உள்ள தூரம் மயிரிழை பிசகினாலும் கணக்கு இடிக்கும். மார்க் 3இல் தகராறு செய்ததும் அந்தத் துணைக் கண்ணாடிதான்.

இரண்டு புத்தகம் இடித்தால் என்ன செய்வோம்? ரீகன்சிலியேஷன். ஒவ்வொரு பதிவாக டிக் அடிக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டு மேசையில் ஏழு தீப்பெட்டிகளைக் கோணலான வரிசையில் நிறுத்தினேன், ஒன்றுக்கொன்று 2 செ.மீ. பின்னால். கேமரா ட்ரைபாடில், இரண்டு மீட்டர் தள்ளி. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்தால், அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து 6 செ.மீ.தான் (இந்தக் கணக்கு கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்). முதலில் லைவ் வியூவில், அதாவது பெரிய சென்சாரையே நேராகப் பார்த்து, நடுத் தீப்பெட்டியைப் பெரிதாக்கி ஃபோக்கஸ் செய்தேன். அது பாஸ் புக். பிறகு வழக்கமான முறையில், நடுப்புள்ளியை மட்டும் வைத்து 20 தடவை. ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கையால் கலைத்துவிட்டு மறுபடியும். என் மனைவி அறை வாசலில் நின்று, "தீப்பெட்டிக்கு எதுக்குங்க இத்தனை போட்டோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

20இல் 17 படங்களில் நடுப்பெட்டிக்கு அடுத்து, பின்னால் இருந்த பெட்டிதான் மிகத் தெளிவாக இருந்தது. வித்தியாசம் 2 செ.மீ. கண்டுபிடித்துவிட்டேன், பழுதேதான் என்று துள்ளினேன். துள்ளி முடித்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கேமரா தவறுவது பின்பக்கம், அதுவும் 2 செ.மீ. கல்யாணத்தில் தவறியது முன்பக்கம், ஏறக்குறைய ஒரு மீட்டர். கல்லாவில் 100 ரூபாய் குறைகிறது, காசாளர் 2 ரூபாய் அதிகமாக வந்த ரசீதைக் காட்டினால் நான் விடுவேனா?

அந்த 2 செ.மீ.க்கு மருந்து கேமராவுக்குள்ளேயே இருந்தது. மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர், 2007 வாக்கில் உயர்ரக பாடிகளில் வர ஆரம்பித்த வசதி. அந்தப் பாவப்பட்ட மார்க் 3இலும் அது உண்டு. நம்ம அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரிதான். லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் முன்னே பின்னே சில படிகள் நகர்த்திப் பதிந்துவிடலாம். பத்து நிமிட வேலை. நகர்த்தினேன், சரியாகிவிட்டது.

மிச்சம் 98 ரூபாய்க்குக் கணக்கு எங்கே? கேமராவோடு வரும் மென்பொருளில் படத்தைத் திறந்தால், எடுத்த நேரத்தில் எந்தப் புள்ளி வேலை செய்தது என்று காட்டும். கல்யாணப் படங்களை முதல்முறையாக அதில் திறந்தேன். சிவப்புச் சதுரம் பூக்குலையின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: புள்ளித் தேர்வு, தானியங்கி. நான்தான் அப்படி வைத்திருந்தேன், மத்ரா கடற்கரையில் கடற்பறவைகளை எடுப்பதற்காக. தானாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த வகைக் கேமரா பெரும்பாலும் எது கிட்டத்தில் இருக்கிறதோ, எதில் வெளிச்சமும் நிழலும் பளிச்சென்று பிரிந்து தெரிகிறதோ அதைப் பிடிக்கும். வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு எனக்கும் மணமக்களுக்கும் நடுவில் நின்றது பூக்குலை. தொடர் ஃபோக்கஸ் வேறு போட்டிருந்தேனா, ஒரு தடவை பிடித்ததை 47 படத்துக்கும் விடாமல், விசுவாசமாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்த இயந்திரம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கல்யாணம் போனதுகூட இல்லை, அந்த 100 ரியால்தான். மறுநாள் வங்கிக்குப் போகும் வழியிலேயே எக்ஸ்சேஞ்சில் பணத்தைக் கட்டிவிட்டு அவரை அழைத்தேன். தீப்பெட்டிக் கதை முழுக்கச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது போட்டே சாரே. இப்போ படம் க்ளியரா வருதில்லே?" என்றார். வருகிறது என்றேன். லென்ஸை இரும்பு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், ஃபங்கஸ் பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு வைத்தார்.

அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டம். மெஷின் மேல் பழி இருந்தவரை அவளுக்கு என் மேல் வருத்தம் இல்லை, பரிதாபம்கூட இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகு, "அப்போ உனக்கு ஒழுங்கா எடுக்கத் தெரியாம எடுத்தியா?" என்று கேட்டவள், ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மை போனில், "சும்மா மெஷின்னே சொல்லியிருக்கலாம்லா மக்களே" என்றாள். இருபது வருடமாக அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், சொந்தக் கணக்கில் மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கொள்வது?

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது பயிற்சிக்கு ஒரு இடம் கிடைத்தது. அம்மையின் பிறந்த வீடு பாலராமபுரத்தில், சாலியர் தெருவில். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தெற்கே தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நெசவாளர்கள் வழி வந்தவர்கள். மன்னர் பெயர்தான் ஊருக்கும். 2009இல் அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே மாமா இன்னும் குழித்தறியில் நெய்துகொண்டிருந்தார்.

ஃபோக்கஸ் படிக்க அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது. இருட்டான அறை. ஒரே ஒரு ஜன்னல். எதிரே வெள்ளை வெளேரென்று விரிந்த பாவு. வெறும் வெள்ளையில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருந்தது, கும்பலில் பிள்ளையைத் தொலைத்த தாய் மாதிரி. சரி, கசவுக் கரை இருக்கிறதே என்று அதன்மேல் ஓரப் புள்ளியை வைத்தேன், அப்போதும் பிடிக்கவில்லை. பல கேமராக்களில் ஓரத்துப் புள்ளிகள் ஒரு திசையில் ஓடும் கோடுகளை மட்டுமே பார்க்கும். குறுக்கும் நெடுக்கும் பார்க்கத் தெரிந்த சிலுவைப் புள்ளிகள் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் அதே ஓரப் புள்ளி சட்டென்று கரையைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒற்றை நடுப்புள்ளிக்கு மாறினேன். பின்பக்கப் பொத்தானில் ஃபோக்கஸ், முன்பக்கப் பொத்தானில் படம் மட்டும். மாமாவின் கண் இமையில் வைத்துப் பிடி, விடு, நாடா ஓடும்போது எடு. மூன்று நாள் இதே வேலை.

"தறி ஓடும்போ நான் துணியைத்தான் பார்ப்பேன், நீ என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கியே" என்றார் மாமா. அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நரைத்த இமை தெளிவாகவும், முன்னால் இருக்கும் நூல்கள் வெண்புகை போலவும். மாமா தறியைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது.

2022இல் அக்காவின் இளைய மகளுக்குக் கல்யாணம். இதற்குள் காலம் மாறி, இரண்டு புத்தகத் தொல்லையே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டிருந்தன. படம் பதியும் சென்சாரிலேயே ஃபோக்கஸ், ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வித்தை வேறு. நான் பழையதையே வைத்திருந்தேன். இந்த முறை அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நெய்யாற்றின்கரை ஸ்டூடியோக்காரர் இரண்டு உதவியாளர்களோடு வந்திறங்கினார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் போளி பரிமாறும் உத்தேசத்தோடு இருந்தேன்.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மூத்தவள், இடுப்பில் குழந்தையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, அம்மா கேமராவை எடுத்துட்டு வரச் சொன்னா."

"ஸ்டூடியோக்காரர் இருக்காருல்லா?"

"இருக்கட்டும். நீங்களும் எடுக்கணுமாம்." ஓரடி போய்விட்டுத் திரும்பினாள். "ஒத்தப் புள்ளிதானே மாமா?"

ஒற்றைப் புள்ளிதான் என்று திரையைக் காட்டினேன். மேடைக்கு முன்னால் பழைய இடத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்தேன். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா மேடையில் ஏறி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, நெல்லோடும் பூக்குலையோடும் அந்த நிறைபறையை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு முழம் இடது பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய் நின்றாள்.